பத்தொன்பதோடு நின்ற கல்

புடாபெஸ்ட்
2 பிப்ரவரி 2023

அன்பு அக்கா எடெல்காவுக்கு,

ஐந்தாம் தேதி உன் பெயர்நாள், காலண்டரில் எல்லா எடெல்காக்களுக்கும் உரிய நாள். இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிட்டால் தபால்காரரை வாழ்த்து. பிந்தினால் என்னைத் திட்டு. முப்பத்தொரு வருஷம் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு யார் மேல் தப்பு என்று முத்திரையைப் பார்த்தே தெரிந்துவிடும். முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவுகிறாயா, அல்லது அது அலமாரியில் அழகுக்கு இருக்கிறதா? நான் சௌக்கியம். சளி உண்டு, ஆனால் எங்கள் அரங்கு முன்பு நிலக்கரிக் கிடங்காக இருந்த நிலவறை என்பதால் அங்கே எல்லோருக்கும் சளி உண்டு.

போனில் கேட்டிருப்பேன். போனில் நான் நடிக்கிறேன் என்று நீ சொல்வாய். அதனால் காகிதத்திலேயே கேட்கிறேன்.

புதிய நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். உன் கல்லைப் பற்றி. அத்தான் மார்டனின் கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே உன் பெயரும் இருப்பதில் வியப்பில்லை. நம் ஊர்க் கல்லறையில் பெயர் வெட்டியிருக்கிறவர்களில் கால்வாசிப் பேர் இன்னும் உயிரோடு தினமும் கடைத்தெருவுக்கு வந்துபோகிறார்கள். ஆனால் உன் பெயருக்கு அடியில் '1954 – 19' என்று வெட்டி, மீதி இரண்டு எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறதே, அதுதான் என் நாடகம். அந்த நூற்றாண்டு முடிந்து எத்தனை காலம் ஆகிறது. நீ இன்னும் வெங்காயம் நட்டுக்கொண்டிருக்கிறாய்.

நாடகத்தில் நகராட்சி இந்தத் தவறைக் கண்டுபிடிக்கிறது. கல்லைத் திருத்துவதா, ஆளைத் திருத்துவதா, எது சுலபம் என்று குழு அமைக்கிறார்கள். குழுவில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் ஆளைத்தான் சொல்கிறார்கள்.

போன நாடகத்தில் ஒரு பல் டாக்டர் தன்னை அடையாளம் கண்டுகொண்டு சண்டைக்கு வந்தார். அதிலிருந்து எங்கள் அரங்கில் ஒரு விதி: உண்மை மனிதரை எடுத்தால் அவர் கையெழுத்து வேண்டும். ஒரே வரி, அக்கா. போட்டு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். முத்தங்களுடன்,
உன் பெர்ட்ஸி


திஸாசெக்
10 பிப்ரவரி 2023

என் பெர்ட்ஸிக்கு,

வாழ்த்து ஆறாம் தேதி வந்தது. முத்திரையைப் பார்த்தேன். தபால்துறை மேல் தப்பில்லை, நீ மூன்றாம் தேதி மாலைதான் பெட்டியில் போட்டிருக்கிறாய்.

சளிக்கு முள்ளங்கியைத் துருவித் தேன் விட்டுச் சாப்பிடு. பக்கத்து வீட்டு ரோஜி வீட்டில் சனிக்கிழமை பன்றி அடித்தார்கள். மிளகாய்ப் பொடியை யார் அளந்தது என்று தெரியவில்லை, சாசேஜ் நாக்கைப் பொசுக்குகிறது. உனக்கு இரண்டு சரம் தனியாக அனுப்பியிருக்கிறேன். தாராளமாக நாலு பேருக்குக் கொடுத்துவிடாமல் நீ சாப்பிடு.

நாடகம் வேண்டாம். அத்தானுக்கு அது பிடித்திருக்காது. பல் டாக்டர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுது.

முழங்கால் அப்படியே இருக்கிறது. முத்தம்.
அக்கா


புடாபெஸ்ட்
20 பிப்ரவரி 2023

அன்பு அக்கா,

சாசேஜ் வந்தது. ஒத்திகையில் ஒரு துண்டு வாயில் போட்ட ஒளியமைப்பாளர் அரை மணி நேரம் பேசவில்லை. எங்கள் அரங்கில் இதுவரை யாராலும் அவர் வாயை அடைக்க முடிந்ததில்லை. நீ நலமா? இரத்த அழுத்தம் பார்த்தாயா?

அத்தானுக்குப் பிடித்திருக்காது என்று எழுதியிருந்தாய். சிரித்தே வயிறு வலித்துத் தரையில் உட்காருகிற மனிதர் அவர். அந்தக் காரணம் செல்லாது. நீயும்தான் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அந்தக் கல் முன்னால் சாமந்தியை வைத்துவிட்டு, "நான் காலாவதியானவ, என்னைத் தொட்டா வயித்துக்கு ஆகாது"ன்னு ஊரையே சிரிக்க வைக்கிறாய். கல்லறைக் காவலர் உன்னைப் பார்த்து, "எடெல்கா அம்மா, இன்னும் வந்து சேரலையே, கணக்கு இடிக்குது"ன்னு சொன்னதை நீதான் எனக்குச் சொன்னாய். ஊர் சிரிக்கலாம், நான் மட்டும் சிரிக்கக் கூடாதா?

மறைக்காமல் சொல்கிறேன். அரசு உதவி இந்த வருஷம் எங்களுக்கு இல்லை. இந்த நாடகம் ஓடினால் அரங்கு இருக்கும், இல்லாவிட்டால் ஜூனோடு பூட்டு. அந்த உதவியைத் தருகிற அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் நாடக வாசிப்புக்கு வந்தார்கள். குழுக் காட்சியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். முடிந்ததும் ஒருவர் என் தோளில் கை போட்டு, "ரொம்பப் பிரமாதம். இதையே வேற நாட்டுல நடக்கிற மாதிரி எழுத முடியுமா?" என்றார்.

கையெழுத்துக்குக் காத்திருக்கிறேன்.
உன் பெர்ட்ஸி


திஸாசெக்
12 மார்ச் 2023

என் பெர்ட்ஸிக்கு,

உடம்பு எப்படி? இங்கே ஜன்னல் விளிம்பு முழுக்கத் தயிர்க் கிண்ணங்களில் குடைமிளகாய் நாற்று. ரோஜியின் மகள் இரண்டாவது தடவையும் விவாகரத்து வாங்கிவிட்டாள், மாப்பிள்ளை இருவருமே அவள் பெயர்நாளுக்கு வந்து ஒரே சோபாவில் உட்கார்ந்து பழச்சாராயம் குடித்தார்கள். திஸா ஆறு கரை மீறவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தேன், டாக்டருக்குத்தான் அதிகம் போலிருக்கிறது.

அரங்கு பூட்டுகிற சேதி கேட்டு மனது சங்கடப்பட்டது. உனக்கு ஐம்பத்து நாலு வயது, வேறு எந்த வேலையும் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

ஆனாலும் நான் சொல்லிச் சிரிப்பது வேறு, சீட்டு வாங்கிக்கொண்டு வந்து சிரிப்பது வேறு. அந்த வருஷத்தைத் தோண்டாதே, தம்பி. காரணம் கேட்காதே.

முத்தம்.
அக்கா


புடாபெஸ்ட்
5 ஏப்ரல் 2023

அன்பு அக்கா,

ஈஸ்டர் வருகிறது. நீ நலமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு அப்புறம் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

அந்த நாடகத்துக்கே ஒத்திகையைத் தொடங்கிவிட்டோம். கல் காட்சியோடுதான். நீ மனம் மாறிவிடுவாய் என்று நினைத்தேன். தப்புதான்.

உன் பாத்திரத்தை நோயெமி என்கிற நடிகை செய்கிறாள். முப்பத்தாறு வயது, நன்றாக நடிப்பாள், வாயும் நீளம். முதல் காட்சியில் விதவை கல்தச்சரிடம் போய்த் தன் பெயரையும் வெட்டச் சொல்கிறாள், கணவன் மேல் இருக்கிற அன்பினால். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். நேற்று நோயெமி நடுவில் நிறுத்திவிட்டாள்.

"இது பொய்ங்க, பெர்ட்ஸி" என்றாள்.

"எது பொய்?"

"அன்புன்னா பேரை வெட்டச் சொல்லலாம். சாகப்போற வருஷத்தை ஏன் வெட்டச் சொல்றா? அதுவும் இந்த வயசுல. இவளுக்கு என்ன அவசரம்?"

நான் தேநீர் போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "பதில் சொல்லுங்க, அப்புறம் நடிக்கிறேன்" என்றாள்.

உன்னிடமே கேட்கிறேன் அக்கா. அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

உன் பெர்ட்ஸி


திஸாசெக்
14 ஏப்ரல் 2023

பெர்த்தலான்,

இன்று செல்லப் பெயர் கிடையாது, முழுப் பெயர்தான். வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதினேன். உனக்கு அது எட்டவில்லை. அம்மா போன பிறகு உனக்குச் சோறு போட்டது நான், படிக்க வைத்தது நான். என்னை மேடையில் ஏற்றி இன்னொருத்தியைக் கேள்வி கேட்கவிடுவதற்கு அல்ல.

அந்தப் பெண்ணிடம் சொல், அவசரம் கல்தச்சருக்குத்தான் இருந்தது என்று.

கையெழுத்துக் கிடையாது.

எடெல்கா


புடாபெஸ்ட்
30 மே 2023

அன்பு அக்கா,

ஆறு வாரமாக எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. பெட்டியைத் தினமும் பார்த்தேன், மின்சாரக் கட்டணமும் பிட்ஸா விளம்பரமும்தான் வந்தன. உன் முழங்காலைப் பற்றிக் கேட்கக்கூட எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நாடகத்தை நிறுத்திவிட்டேன். கல் காட்சியை எடுத்துவிட்டுப் பார்த்தோம், மிச்சம் நிற்கவில்லை. அரங்கை ஜூன் கடைசியில் காலி செய்கிறோம். நாற்காலிகளை ஒரு பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்கிறது. நோயெமி அழுதாள், பிறகு கழிவறைக் கண்ணாடியைத் தன் வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போனாள்.

நீ இதற்காக வருத்தப்படாதே. நாடகம் இல்லாமல் இருந்துவிடுவேன். அக்கா இல்லாமல் இருக்க மாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் காட்சி பொய் என்று நோயெமி சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. எழுதும்போதே தெரியும். வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

மன்னித்துவிடு. முத்தங்கள்.
உன் பெர்ட்ஸி


திஸாசெக்
8 ஜூன் 2023

பெர்ட்ஸி, என் தம்பி,

முழங்கால் பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்து மெலிந்திருக்கிறது.

அக்கா இல்லாமல் இருக்க மாட்டேன் என்ற வரியை அடுப்படியில் நின்றுகொண்டு நாலு தடவை படித்தேன். அப்புறம் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த நடிகை கெட்டிக்காரி. அவசரம் எனக்குத்தான் இருந்தது.

அத்தான் எண்பத்தொன்பது மார்ச்சில் போனார். ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அக்டோபரில் கல் நடுகிற நேரம் கல்தச்சர் பொஜாரிடம் போய், என் பெயரையும் வருஷத்தையும் வெட்டச் சொன்னேன். முழு வருஷத்தையும், எண்பத்தொன்பது என்று. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கு வயசு முப்பத்தஞ்சு. வருஷத்துக்கு எடத்தை மட்டும் விடுவோம்."

"நான் சொன்னதை வெட்டுங்க."

"செத்தவங்க வந்து கேட்டாத்தான் நான் தேதி வெட்டுவேன்."

"அப்ப வரேன், இருங்க" என்றேன். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வாய் வந்ததோ. கடைசியில் சண்டை தாங்காமல் பத்தொன்பது வரைக்கும் வெட்டினார். மீதியைக் கல்லறைத் திருநாள் கழிந்து பார்க்கலாம், இப்போது ஊரே கல்லுக்கு நிற்கிறது என்று என்னை வெளியே அனுப்பினார். என்னைக் காப்பாற்றினாரா, வேலைப் பளுவா என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை.

நானும் திருநாள் கழியட்டும் என்றிருந்தேன். பூ வைக்காமல் போனால் மாமியார் பேசுவாள் என்று பயம். பார், எதற்கெல்லாம் பயந்திருக்கிறேன். வீடு முழுக்கக் கழுவினேன். எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். சனிக்கிழமை என்று நாள் வைத்திருந்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை, கட்டாயப் பட்டாளச் சேவையில் இருந்த நீ ஒரு மூட்டையோடு வந்து நிற்கிறாய். "அக்கா, துணி நெறைய சேந்துபோச்சு, துவைச்சுத் தர்றியா? அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "புருஷனைப் புதைச்சவகிட்ட டிராயரைத் துவைக்கச் சொல்றியாடா, உனக்கு வெக்கமா இல்லை?" என்று கத்தினேன். நீ குனிந்த தலை நிமிராமல் சூப்பைக் குடித்துவிட்டு மறுநாள் காலையே போய்விட்டாய்.

பிரித்துப் பார்த்தால் பட்டாளத்து டிராயர் பதினைந்து, பனியன் பதினைந்து, காலுறைக்குப் பதில் காலில் சுற்றுகிற துணி எண்ணவே முடியவில்லை. டிராயர்கள் மூன்று நாலு அளவில் இருந்தன. பட்டாளம் எதையும் அளவாகக் கொடுக்காது என்று நினைத்துக்கொண்டேன். அழுக்குத் துணியை வீட்டில் போட்டுவிட்டு எங்கேயும் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஊற வைத்தேன். மழைக் காலம், காயவே இல்லை. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி மூன்று நாள் காயவிட்டேன். வானொலியில் நாட்டைப் புதிதாக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் உன் டிராயருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முடிவதற்குள் நீ அடுத்த மூட்டையோடு வந்துவிட்டாய்.

இப்படியே வாரா வாரம். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன், உன்னைத் திட்டிக்கொண்டே. யாரையோ எதிர்பார்த்து நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனவரியில் பொஜார் வந்து மீதி எண்ணைக் கேட்டார். போய் உங்கள் வேலையைப் பாருங்கள், இனி அது வேண்டாம் என்றேன்.

உன் சோம்பேறித்தனத்தால்தான் நான் இருக்கிறேன். இதை உன்னிடம் சொன்னால் நீ அதைச் சுமந்துகொண்டு திரிவாய் என்று சொல்லவில்லை. இருபது வயதுப் பையன், உனக்கு என்ன தெரியும்.

கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன். முத்தங்கள்.
அக்கா


புடாபெஸ்ட்
14 ஜூன் 2023

அக்கா,

நான் நலம். சாப்பிட்டேன். நீ நலமாக இரு.

பட்டாளத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழுக்குத் துணியைக் கொடுத்துவிட்டுச் சலவை செய்த துணியை வாங்கிக்கொள்வோம். யாரும் வீட்டுக்குத் துணி கொண்டுபோனதில்லை. வாசலைத் தாண்டிக் கொண்டுபோவது குற்றம்.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு நாள் விடுப்பில் வந்திருந்தேன், உனக்கு நினைவிருக்கும். அந்தப் புதுக் கல்லைப் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்தோம். கோழிக் கூண்டு காலியாக, கழுவி வைத்திருந்தது. கோழியெல்லாம் எங்கே என்று கேட்டேன். "ரோஜிகிட்டக் குடுத்துட்டேன், இனிமே யாரு பாத்துக்கிறது" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய்.

எனக்கு உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாய், நான் பஸ் ஏறியாக வேண்டும். திரும்பிப் போய் எங்கள் அறையில் இருந்தவர்களிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அக்காவுக்கு வேலை இருந்தால் அக்கா இருப்பாள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. பதினான்கு பேர் டிராயரைக் கழற்றிக் கொடுத்தார்கள். சிலர் நல்ல துணியை முற்றத்துச் சேற்றில் போட்டு மிதித்து அழுக்காக்கினார்கள், சீக்கிரம் துவைத்து முடித்துவிடக் கூடாது என்று.

விடுப்பும் எனக்கு மாதத்துக்கு ஒன்றுதான். மற்ற வாரங்களில் வந்தது அவர்கள் விட்டுக்கொடுத்த விடுப்பு. டிசம்பரில் நான் வராத அந்த வெள்ளிக்கிழமை வாசலில் பிடிபட்டேன். அரசுக்குச் சொந்தமான டிராயர் பதினைந்து கடத்தினேன் என்று எழுதி ஐந்து நாள் அடைத்துவைத்தார்கள். எதற்குக் கடத்தினாய் என்று அதிகாரி கேட்டார். பதினான்கு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நாடகத்தில் இதைத்தான் எழுத நினைத்தேன், அக்கா. உன் கையெழுத்தைக் கேட்டதும் அதற்குத்தான். உனக்கு இது தெரியவேண்டும், ஆனால் நான் நேரே சொல்லக் கூடாது என்று என்னவோ ஒரு கோழைத்தனம். கடைசியில் அதையும் விட்டுவிட்டு அன்பு, கணவன் என்று எழுதினேன்.

பெர்ட்ஸி


திஸாசெக்
20 ஜூன் 2023

என் பெர்ட்ஸிக்கு,

உன் கடிதத்தை ரோஜியிடம் படித்துக் காட்டினேன். அவள், கோழிகளைத் திருப்பித் தராமல் போனோமே என்று முப்பத்து மூன்று வருஷமாக வைத்திருந்த வருத்தத்தில் அழுதாள். நான் அழுதது வேறு. இன்று காலைவரை அது நிற்கவில்லை, அதனால் இரத்த அழுத்தம் பார்க்கப் போகவில்லை. நீ கோழை இல்லை. உன்னைச் சோம்பேறி என்று இத்தனை வருஷம் ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறேன், அதை இனிமேல் யாரிடம் போய்த் திருத்துவேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து நாற்காலியை எடுக்க வேண்டாம் என்று சொல். அந்தப் பெண்ணைக் கண்ணாடியைத் திரும்ப மாட்டச் சொல். குழுவில் பன்னிரண்டு பேரும் இருக்கட்டும், நன்றாகச் சிரிக்க வையுங்கள். டிராயர் காட்சியில் ஒரு சொட்டுக் கண்ணீர் மேடையில் விழக் கூடாது. நான் அன்று அழவில்லை, திட்டிக்கொண்டுதான் துவைத்தேன். அப்படியே செய்யட்டும்.

இதோ நீ கேட்ட வரி: 'என் கல்லை, என் பெயரை, அந்த வருஷத்தை மேடையேற்ற என் தம்பிக்குச் சம்மதம்.' கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பதினான்கு பேரின் பெயரையும் ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. யார் யாருடைய துணிக்கு இஸ்திரி போட்டேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் அக்கா எடெல்கா